நோன்பைத் திறக்கிற சாவி

மாமா, வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. எனக்கு இன்றைக்குத் தேனாம்பேட்டையில் மாலை டூட்டி, வர ஒன்பதாகும். குழம்பைச் சுட வைத்துக்கொள். ஆறு மணிக்கு எதிர்வீட்டு அமீனா பீ அக்கா நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். தூக்குவாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே, நாலு வாழைப்பழம் போட்டுக் கொடு.

"நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு இது" என்று முந்தாநாள் சண்டை போட்டுத் தூக்கிப் போட்டாயே, அந்த ரம்ஜான் புத்தகத்தை நம் மகள் தன்ஷிகா மூன்று தரம் படித்துவிட்டாள். குழந்தைகளுக்கு இவ்வளவு அழகாக எழுத முடியுமா என்று எனக்கே ஆச்சரியம். புத்திமதி ஒரு வரி கிடையாது. ஒரு சின்னப் பெண் தண்ணீர் டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பாங்கு சத்தத்துக்குக் காத்திருக்கிறாள். படத்தைப் பார்த்ததும் எனக்கே நா வறண்டது.

அதற்குக் கீழே "நோன்பு திறக்கும் நேரம்" என்று போட்டிருக்கிறது. நாம் விரதத்தை முடிக்கிறோம், அவர்கள் திறக்கிறார்கள். தன்ஷிகா நேரே எதிர்வீட்டுக்குப் போய், "நோன்புக்குச் சாவி எங்க கீது, ஆன்ட்டி?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா சிரிக்கவே இல்லையாம். "பேரீச்சம்பழந்தாண்டி கண்ணு, சாவி" என்று கையில் ஒன்று கொடுத்திருக்கிறார்.

ஷீலா

பி.கு. அதை அவள் தின்னவில்லை. உனக்காகச் சர்க்கரை டப்பா மேலே வைத்திருக்கிறாள். "நைனா ரெண்டு நாளா வாயப் பூட்டிக்கினு கீது" என்கிறாள். தின்றுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.