பால் வண்டிக்கு வரைந்த சேஸ்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ முழுசாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு.

நீ ஓட்டும் ராணுவ லாரி எங்கள் தொழிற்சாலையின் பால் வண்டிதான் அம்மா. தார் ரோட்டில் ஒன்றரை டன் கேன் ஏற்றிப் போக நான் வரைந்த சேஸ், வண்டியையே தாங்கும் அடிச்சட்டம். போர் வந்ததும் புதிதாக வரைய நேரமில்லை, இருப்பதை மாற்று என்றார்கள். பதினோரு நாளில் பெரிய சக்கரம் மாட்டி, ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டி, முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துப் பச்சை அடித்தோம். சேஸை மட்டும் தொடவில்லை, அதை அழுத்தி எடுக்கும் அச்சை மாற்ற ஆறு மாதம் ஆகும். தாங்கும் என்று கையெழுத்துப் போட்டது நான். அங்கே மூன்று டன் ஏற்றுகிறார்களாம்.

போன வாரம் ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கேபினுக்குப் பின்னால் இரண்டாவது குறுக்குச்சட்டம் சேரும் இடத்தில் ரிவெட் துளையிலிருந்து விரிசல் ஓடி, சேஸ் இரண்டாக முறிந்திருந்தது. ஓட்டினவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கயிற்றை அவிழ்க்கக் குனிந்த ஆள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேலாளரிடம் ஓடினேன். உங்க பொண்ணு ஓட்டப் போனதாலதானே பதறுறீங்க, இத்தனை நாளா ஓட்டினதும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே என்றார்.  சண்டை போட்டு, இனி வரும் வண்டிகளுக்குச் சேஸின் உள்பக்கம் வலுவுக்கு ஒரு தகடு வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஆனால் முதல் நானூறு வண்டி அது இல்லாமலே போய்விட்டதே, நான் என்ன செய்வேன்.

கதவுக்குக் கீழே நம்பர் தகடு இருக்கும், பார். நானூறுக்குள் இருந்தால் அந்த இரண்டாவது குறுக்குச்சட்டம் சேரும் இடத்தில் சேற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டியைத் தேய். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தால் ஏறாதே. திட்டினால் திட்டட்டும், கோழை என்றாலும் சொல்லட்டும். உன்னோடு ஓட்டுகிற எல்லாரிடமும் சொல்லு, நான் எழுதினேன் என்றே சொல்லு.

எந்தக் குறையுமில்லாமல் நீ திரும்பி வர வேண்டும். உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அப்பா செஞ்ச வண்டி, பயப்படாம ஓட்டச் சொல்லுங்க என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். நீ நான் சொன்னதைச் செய்.

உன் அப்பா