காத்துவண்டிக்கு நான் தச்ச பாய்

உங்க தகரப்பெட்டியை நேத்துத்தான் திறந்தேன். நீங்க போய் நாற்பது நாள் ஆச்சு. சாவி உங்க அரைஞாண் கயித்துல கிடந்தவரைக்கும் நான் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. மேல இருந்த வேட்டிகளைத் தூக்கினதும் ஒரு வாடை வந்தது. காய்ஞ்ச வேப்பிலையும் புளியங்கொட்டைப் பசையும் சேர்ந்த வாடை. அம்பது வருசத்துக்கு மேலாச்சு. ஆனாலும் கண்ணு பார்க்குறதுக்கு முந்தி மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சு, அது நான் தச்ச பாய்னு.

பாயைப் பத்திரமா மடிச்சு வச்சிருந்தீக. சரி. அதுக்குள்ள இன்னொண்ணைச் சுத்தி வச்சிருந்தீகளே, அதைக் கையில எடுத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துல மத்தியானச் சோறு இறங்கலை. அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கடுதாசியை நம்ம பேரப்பிள்ளைகளும் படிப்பாக, அவுகளுக்கும் புரியணுமில்ல, அதனால முதல்ல இருந்து வாரேன். அஞ்சாம் வகுப்போட நின்னவ எழுதுறது. எழுத்துல பிழை இருக்கும். பொய் இருக்காது.

உங்க பதினாறாம் நாள் காரியத்தன்னைக்குப் பந்தல்ல உக்காந்து உங்க சேக்காளி காளிமுத்து அண்ணன் பேசினதை நீங்க கேட்டிருக்கணும். கண்ணைத் துடைச்சுக்கிட்டே நம்ம பேரப்பிள்ளைககிட்ட ஆரம்பிச்சார். "உங்க தாத்தன் மாடு இல்லாம, இஞ்சின் இல்லாம, காத்தை வச்சு வண்டி ஓட்டினவன்டா. கால் எப்படிப் போச்சு தெரியுமா? உங்க அப்பத்தா தச்ச பாய் நடுக்கண்மாயில டர்ருன்னு கிழிஞ்சிருச்சு!" பந்தலே சிரிச்சது. நம்ம மகன் சிரிச்சான். பந்தி பரிமாறுறவன்கூடச் சிரிச்சான். இழவு வீட்டுலயும் என் தையல்தான் சிரிப்பு. காரியம் நடக்குற இடமாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நமக்குக் கல்யாணம் ஆகி நாலாவது வருசம். அறுபத்தெட்டோ ஒன்பதோ. மழை இல்லாம நம்ம ஊர்க் கண்மாய் தட்டுப்போல காய்ஞ்சு கிடந்தது. நீங்க நெல் ஏத்திக்கிட்டுத் தொண்டிப் பக்கம் போயிட்டு வந்தீக. வந்ததும் மாட்டைக்கூட அவுக்கலை. "இந்தா புள்ள, கடல்ல பாய் கட்டி எம்புட்டுப் பெரிய தோணியைக் காத்து இழுத்துக்கிட்டுப் போகுது தெரியுமா? தண்ணியில போறது தரையில போகாதா?"ன்னீக. நான் "முதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க"ன்னேன். ஆனா அன்னைக்கே எனக்கும் ஆசை வந்துருச்சு. அதை நான் உங்ககிட்டச் சொல்லலை, அவ்வளவுதான்.

பந்தல் பிரிச்ச மூங்கில் ஒண்ணைக் கானாடுகாத்தான்ல ஒரு கல்யாண வீட்டுல கேட்டு வாங்கியாந்தீக. அதுதான் பாய் கட்டுற கொம்பு. காரைக்குடியில பழைய சைக்கிள் சக்கரம் மூணு. முன்னால ரெண்டு, பின்னால காலால திருப்புறதுக்கு ஒண்ணு. முதல் வண்டியை மாட்டுவண்டி அகலத்துக்கே செஞ்சீக. களத்துமேட்டுல லேசாக் காத்தடிச்சதுக்கே குப்புறக் கவுந்துச்சு. நீங்க கொம்பு உசரம்னு அதை அறுக்கப் போனீக. "கொம்பை ஏன் அறுக்குறீக? முக்காலிக்குக் கால் விரிஞ்சிருந்தாத்தானே நிக்கும், அச்சை நீட்டுங்க"ன்னு சொன்னது யாரு? நான். ரெண்டு ஆள் நீட்டிப் படுக்குற நீளத்துக்கு அச்சுப் போட்டீக. நின்னுச்சு. காத்து வர்ற பக்கத்துல கனம் வைக்க, ஆத்தங்குடியில ஒதுக்கிப் போட்ட உடைஞ்ச தரைக்கல்லைச் சாக்குல கட்டினதும் நம்ம ரெண்டு பேரும்தான்.

பாய் முழுக்க என் கை. காடாத் துணி எட்டு கெசம். காத்து ஊடுருவாம இருக்கப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிப் பூசினேன். மூட்டுக்கு மூட்டு இரட்டை நூல், இரட்டைத் தையல். கீழ்மூலையில மட்டும் ஒத்தை நூல் போட்டேன். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு வந்து மாட்டுற மூலை அது. ஏன்னு கேட்டீக. எங்க ஆத்தா தையல் சொல்லிக் கொடுத்தப்ப முதல்ல சொன்னதே அதுதான்: "நூல் துணியைவிட இளப்பமா இருக்கணும்டி. நூல் அறுந்தா தச்சுக்கலாம். துணி கிழிஞ்சா என்னத்தைத் தைப்ப?" காத்து மிஞ்சிப்போனா அந்த மூலை அறுந்து பாய் தொங்கிப்போகும், வண்டி நின்னுரும், ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் விளக்கிச் சொன்னப்போ நீங்க வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டீக. "பேசாம நீயே ஓட்டு"ன்னு சொல்லிச் சிரிச்சீக.

வண்டி ஓட்டுறதுக்கு நம்ம ரெண்டு பேரும் பேசி வச்ச கட்டுப்பாடும் உங்களுக்கு மறந்திருக்காது. காலையில தடத்தை நடந்து பார்த்து வெடிப்பும் கல்லும் இருக்கான்னு பார்க்கணும். காத்துப் போற திசையில ஆடு, பிள்ளை நிக்கக் கூடாது. நிறுத்தணும்னா வண்டி மூஞ்சியைக் காத்து வர்ற பக்கம் திருப்பணும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, பாய்க்கயிறு கையிலதான் இருக்கணும். எங்கயும் கட்டக் கூடாது. காத்து முட்டினா கையை விட்டா போதும். இதை எத்தனை தடவை சொன்னேன்! ஏன்னா உங்க கைப்பழக்கம் எனக்குத் தெரியும். சந்தைக்குப் போயிட்டு வரும்போது மாட்டுக்கயித்தை வண்டி முளையில ஒரு முடிச்சுப் போட்டுட்டுத் துண்டை விரிச்சுப் படுத்துருவீக. மாடு தானா வீடு வந்து சேரும். நம்ம ஊர் வண்டிக்காரக எல்லாருக்கும் அதுல ஒரு பெருமை. "காத்து என்ன நம்ம வீட்டு மாடா, வழி தெரிஞ்சு வந்து சேர?"ன்னு நான் கேட்டேன். "சரி தாயே, கட்டலை"ன்னீக.

ஆடியில அம்மனுக்குக் கஞ்சி ஊத்துற நாள். கரை முழுக்கச் சனம். காளிமுத்து அண்ணன் கரையில நின்னுக்கிட்டு, "என்ன மாப்ள, வண்டி ஓட்டுறியா, பட்டம் விடுறியா?"ன்னு கத்தினார். ரெண்டு ஓட்டம் அருமையா ஓட்டினீக. பாய் நிறைஞ்சு வயித்துப்பிள்ளைக்காரி மாதிரி இருந்துச்சு. மூணாவது ஓட்டம். கரைப் பக்கம் வந்தப்போ ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினீக. "தானா போகுது பாருங்கப்பா!"

ரெண்டு கையும் மேல இருக்குன்னா கயிறு எங்க இருக்கு? அந்தச் சனத்துல அது ஒருத்தருக்கும் தோணலை. எனக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு, முளையில முடிச்சுப் போட்டுட்டீகன்னு. "கயித்தை அவுங்க! கயித்தை அவுங்க!"ன்னு நான் கத்தினது கொட்டுச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு? சூறை ஒண்ணு வந்து விழுந்துச்சு. ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிருச்சு. வண்டி நேரா மடைக்கல்லைப் பார்த்துப் போகுது. நீங்க குனிஞ்சு முடிச்சைப் பிச்சுக்கிட்டு இருக்கீக. காத்து இழுக்க இழுக்க அது இறுகத்தானே செய்யும்? டர்ருன்னு ஒரு சத்தம். என் ஒத்தை நூல் அறுந்துச்சு. பாய் கொடி மாதிரி படபடன்னு அடிச்சுச்சு. வேகம் செத்து, தூக்குன சக்கரம் தரையில இடிச்சு ஒடிஞ்சு, மடைக்கல்லுக்கு ரெண்டு முழம் இருக்கையில வண்டி சாய்ஞ்சுச்சு. வலது கால் அச்சுக்கு அடியில மாட்டிக்கிருச்சு. காலோட போச்சு. தலை தப்பிச்சது.

சனம் பார்த்தது தொங்கின பாயைத்தான். "பொம்பளை தச்ச பாய், பாதி வழியில கிழிஞ்சிருச்சு." கட்டிலோட உங்களைத் தூக்கிக்கிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள ஊர் முழுக்க அதுதான் பேச்சு. மூங்கில் பத்தை வச்சுக் கட்டின காலோட படுத்திருந்தப்போ என்கிட்ட மெதுவாச் சொன்னீக: "உன் நூல் மட்டும் அறாம இருந்திருந்தா நான் இந்நேரம் மடைக்கல்லுல சிதறியிருப்பேன் புள்ள." நான் சொன்னேன்: "இதை என்கிட்டச் சொல்லி என்ன? நாலு பேர் முன்னாடி சொல்லுங்க." "சொல்றேன், எந்திரிச்சு நடக்கட்டும்"னீக.

எந்திரிச்சீக. நடந்தீக. நொண்டிக்கிட்டே அம்பது வருசம் நடந்தீக. சொன்னீகளா?

டீக்கடையில கேலி பண்ணினாக, கூடச் சேர்ந்து சிரிச்சீக. அந்தத் தீபாவளிக்குத் தைக்கச் சொல்லி ஒரு ரவிக்கைத் துணி என்கிட்ட வரலை. "அவ தச்சா கிழியும்"னு கிணத்தடியில என் காதுபடவே பேசினாக. பொறந்ததுல இருந்து எனக்குன்னு இருந்த ஒரே பேர், கைத்தையல் பேர். அது போச்சு. அழுதுக்கிட்டு நின்னேன். நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? "விடு புள்ள. வண்டிக்காரன் மகன் கயிறு பிடிக்கத் தெரியாம விழுந்தான்னு சொன்னா, எனக்கு இந்த ஊர்ல என்ன மருவாதி?" உங்க மருவாதிக்கு என் மருவாதி விறகா?

மறு ஆடியில ஒரு விடியக்காலம், வண்டியைச் சரிபண்ணி, மூலையை மறுபடி ஒத்தை நூல்ல தச்சு, நானே ஏறி உக்காந்தேன். நீங்க கம்பை ஊண்டிக்கிட்டு நின்னீக. தடத்தை நடந்து பார்த்தேன். சேலையை இழுத்துச் சொருகினேன். கயிறு என் கையில. காத்து வந்து பாய்ல உக்காந்ததும், அப்பா, வண்டி கிளம்பின கிளம்பு! காதுல காத்து ஊதுது, கண்ணுல தண்ணி. கரை ஓடுது, பனைமரம் ஓடுது. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. ரெண்டு தடவை காத்து முட்டுச்சு, ரெண்டு தடவையும் கையை இளக்கினேன். மூஞ்சியைத் திருப்பினேன், பசு மாதிரி நின்னுச்சு. அதைப் பார்த்த ஒரே ஆள் நீங்க. கம்பைக் கீழ போட்டுட்டுக் கை தட்டினீக. அன்னைக்கு உங்க மேல இருந்த கோபமெல்லாம் போச்சுன்னுதான் நினைச்சேன். அதையும் ஊர்ல யாருகிட்டயும் சொல்லலை நீங்க. "பொம்பளை ஓட்டினான்னு தெரிஞ்சா சிரிப்பாக"ன்னீக. அப்புறம் மழை பெய்ஞ்சு கண்மாய் பெருகுச்சு. சக்கரத்தைக் கழட்டிட்டீக.

இப்பப் பெட்டிக்கு வாரேன். பாய்க்குள்ள நீங்க சுத்தி வச்சிருந்தது அந்த முடிச்சு. வண்டி முளையோட, கயித்தோட, முடிச்சை அவுக்காம ரெண்டு பக்கமும் அறுத்து எடுத்து வச்சிருக்கீக. வேப்பிலை போட்டு வச்சிருக்கீக. இலை மாத்தி மாத்திப் போட்டிருக்கீக, அடியில கிடக்கிறது பழைய பொடி, மேல கிடந்தது போன வருசத்து இலை. மறந்துபோனா மன்னிச்சிருப்பேன். வருசா வருசம் எடுத்துப் பார்த்துட்டுத் திரும்பப் பூட்டியிருக்கீகளே, அந்த வாய் என்ன தச்சா இருந்துச்சு?

இன்னைக்குக் காலையில காளிமுத்து அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் பேரன் பைக்குல வந்து இறங்கினார். கண்ணு பாதிதான் தெரியுது. முடிச்சோட முளையை அவர் கையில வச்சேன். "அண்ணே, இது என்னன்னு சொல்லுங்க."

தடவிப் பார்த்தார். "இது என்னத்தா கேள்வி? மாட்டுக்கயித்து முடிச்சு. தூங்கப்போற வண்டிக்காரன் போடுறது."

"மாட்டு வண்டியில இல்லைண்ணே. காத்துவண்டியில இருந்தது. அன்னைக்குப் போட்டது."

இன்னொரு தடவை விரலால சுத்திப் பார்த்தார். "படுபாவிப் பய. என்கிட்டக்கூடச் சொல்லலையே தங்கச்சி"ன்னார். அப்புறம் பாயை வாங்கி அந்த மூலையைத் தடவினார். வாசல்ல நின்ன நம்ம மகனைக் கூப்பிட்டு, "இங்க வாடா. உங்க அப்பன் உசுரைக் காப்பாத்தினது இந்த மூலைடா"ன்னு சொன்னார். நல்ல மனுசன். ஆனா எனக்கு மனசு ஆறலை. அந்தச் சொல்லு உங்க வாயில இருந்து வந்திருக்கணும். அவர் வாயில இருந்து எனக்கு எதுக்கு?

பாயை நான் பெட்டியில திரும்ப வைக்கலை. பேத்தி கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல காட்டப் போறாளாம். அப்பத்தா ஓட்டின வண்டியோட பாய்னு எழுதி ஒட்டப் போறாளாம், ஒட்டட்டும். முடிச்சை யாருகிட்டயும் கொடுக்கலை. அது என் மடியில இருக்கு. அவுத்துப் போடச் சொன்னா மருமக. அவுக்க மாட்டேன். இனி எந்தப் பந்தல்ல எவன் என் தையலைச் சொல்லிச் சிரிச்சாலும், எடுத்து அவன் கையில வச்சுக் கேப்பேன்: இது யார் போட்டது?