குலைக்காத கச்சான்

6 ஜனவரி 2025, திங்கள்

கச்சானை இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இது இரண்டாவது தடவை.

பேசாலைப் பக்கம் தங்குவிடுதி வைத்திருக்கிற அந்த ஆள் ஓட்டோவை விட்டு இறங்கவே இல்லை. கயிற்றை மட்டும் வெளியே நீட்டினார். "தங்கச்சி, இது நாயில்லை, பேய். வாற வெள்ளைக்காரரின்ர மடியில ஏறி இருக்குது."

"கடிச்சதோ?"

"இல்லை."

"ஆரையும் பாத்துக் குலைச்சதோ?"

"குலைச்சிருந்தால் வைச்சிருப்பனே! குலைக்கத் தெரியாத நாயை வைச்சு நான் என்ன செய்ய?"

மடியில் ஏறினாளாம். பெரிய குற்றம்! முதல் தடவை கொண்டுபோன மன்னார் ரவுண் வீட்டுக்காரர் சொன்ன குற்றம், கொடியில் காயப்போட்ட சீலையை இழுத்துக்கொண்டு வளவு முழுக்க ஓடினாள் என்பது. ஒன்றரை வயது நாய் ஓடாமல் முழங்காலில் நின்று செபமாலையா சொல்லும்?

ஓட்டோ போன பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் பாதியாவது அவளுக்கு வரவேண்டாமா? ம்ஹும். எங்கள் நாய்கள் நிற்கிற பழைய ஐஸ் கொம்பனி வளவைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வந்து என் செருப்பைக் காலோடு இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றைச் சொறிந்துவிட்டால்தான் திருப்பித் தருவாள். அது அவளுடைய சட்டம்.

7 ஜனவரி, செவ்வாய்

நான் வேலை செய்கிற பாமசிக்கு மருந்து வாங்க வந்த ஒரு அக்கா, "வேலை முடிஞ்சால் இன்னும் அந்த நாயளோடதானோ டினோஜா? வயசு போகுதெல்லே" என்றா. பனடோல் கார்டை மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

11 ஜனவரி, சனி

கச்சானைப் பார்க்க இன்றைக்கு மூன்று குடும்பம். பொம்பிளை பார்க்க வருகிற மாதிரியேதான். நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். நிறம் நல்லது என்றார்கள் – வறுத்த நிலக்கடலையின் நிறம், கச்சான் என்ற பெயரும் அதனால்தான் வந்தது. பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஐயோ, பெட்டையோ? வேண்டாம்."

"ஒப்பரேசன் செய்தாச்சு. இனிக் குட்டி போடாது" என்றேன்.

"எண்டாலும் பெட்டை பெட்டைதானே."

அதென்ன எண்டாலும்? கேட்டவ ரெண்டு கையிலயும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு இந்தக் கதை கதைக்கிறா! வாய் வரைக்கும் வந்தது. எட்வேட் அண்ணை கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவருக்குப் பொறுமை கூட. தலைமன்னார் றோட்டில் பூட்டிக் கிடந்த தமையனின் ஐஸ் கொம்பனியைத் திறந்து, றோட்டில் கிடந்த நாய்களையெல்லாம் கொண்டுவந்து வளர்க்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. எனக்கு அது இல்லை. நான் பின்னேரத்தில் வந்து சோறு போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டி, வருகிற சனத்தோடு சண்டை பிடிக்கிறவள்.

12 ஜனவரி, ஞாயிறு

முசலிப் பக்கம் வயல் செய்கிற கதிர்காமு ஐயா வந்தார். எங்கள் நாய்களுக்கு மாதாமாதம் குருணல் அரிசி தருகிறவர். அதை எழுதாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

"நெல்லுப் பச்சையா நிக்குது பிள்ளை. ஆடு மாடெல்லாம் கட்டாக்காலியாத் திரியுது. வளவில ஒரு நாய் நிண்டால் நல்லம். பெட்டையெண்டாலும் காரியமில்லை."

"கட்டி வைக்கக் கூடாது ஐயா."

"சீச்சீ! அவ்வளவு பெரிய வளவு. ஓடித் திரியட்டும்."

பின்னேரமே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சந்தோசம்தான். பயமும்தான். மூன்றாம் தடவையும் ஒரு நாய் திரும்பி வந்தால் எட்வேட் அண்ணை பிறகு அதை யாருக்கும் கொடுக்கமாட்டார். வீடு மாறி மாறிப் போய்வந்தால் நாய்க்கு மனம் கெட்டுவிடும் என்பார். அப்படி வந்தவை பின்பக்கக் கூட்டில்தான் கடைசிவரைக்கும். கிழட்டு நாய்களுக்கு அது பரவாயில்லை. கச்சானுக்கு? நினைக்கவே வேண்டாம்.

14 ஜனவரி, செவ்வாய்

தைப்பொங்கல். கதிர்காமு ஐயாவுக்கு வாழ்த்துச் சொல்ல என்று போன் எடுத்தேன். நாயைப் பற்றிக் கேட்கத்தான் எடுத்தேன். "நல்லா நிக்குது" என்றார். பின்னால் ஏதோ சங்கிலிச் சத்தம். மாட்டுச் சங்கிலியாக இருக்கும்.

19 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்கும் போன் எடுத்து நேரே கேட்டேன். மாட்டுச் சங்கிலி இல்லை. என்ர பிள்ளையின்ர கழுத்துச் சங்கிலி!

"பகலிலதானே கட்டுறன், இரவில அவிட்டு விடுறன்" என்கிறார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்கிறார். "அவிட்டு விட்டால் கோழியளோட விளையாடுது. பிறகு கோழி முட்டையிடாது."

வாக்குத் தந்தீங்கள் ஐயா என்றேன். "நாய்க்கும் வாக்கோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. கொண்டுவந்து விடுங்கோ என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் மூன்றாம் தடவை. சங்கிலியா கூடா? இதெல்லாம் ஒரு கேள்வியா? யார் இந்தக் கேள்வியை என் தலையில் கட்டியது?

23 ஜனவரி, வியாழன்

வந்துவிட்டாள். மூன்றாம் தடவை.

கதிர்காமு ஐயா பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு நேரே பாமசிக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். சனம் எல்லாம் பார்க்கிறது. "விடியப்புறம் கள்ளன் வேலி பாய்ஞ்சு, கொட்டிலில கட்டியிருந்த ஆட்டை அவிட்டுக்கொண்டு போயிட்டான்! உன்ர நாய் என்ன செய்தது தெரியுமோ? மண்ணில அடையாளம் கிடக்குது. ஆளின்ர காலடி, ஆட்டின்ர காலடி, பக்கத்தில இதின்ர காலடி, றோட்டு வரைக்கும்! கள்ளனை வழியனுப்பிப்போட்டு வந்து படலையடியில நிண்டு வாலை ஆட்டுது!"

ஒரு சத்தம் இல்லையாம். ஒரு குலைப்பு இல்லையாம். பாமசி முதலாளி உள்ளே நின்று சிரிக்கிறார்.

"கள்ளனுக்கு உதவி செய்யிற நாயை வளக்கிற இடத்துக்கு நான் ஏன் அரிசி தரவேணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். குருணலும் போச்சு.

எனக்கு அவரில் வந்த கோபத்தைவிட அந்த ஆட்டுக் கள்ளனில்தான் கோபம். அடேய், கோதாரி விழுவானே, ஊரில வேற வளவு இல்லையோ உனக்கு? ஒரு ஆட்டைத் திண்டு நீ ஏப்பம் விடுவாய். ஒரு வாயில்லாச் சீவன் உன்னால ஆயுசுக்கும் கூட்டுக்குள்ள கிடக்கப் போகுது. நீ நல்லா இருப்பியோ?

24 ஜனவரி, வெள்ளி

பின்பக்கக் கூட்டில் விட்டாயிற்று. கதவைப் பூட்டியது நான்தான். விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டினாள்.

28 ஜனவரி, செவ்வாய்

கூட்டுக்குள் ஓடுகிறாள். அங்கே போய் முட்டி, இங்கே வந்து முட்டி. மூக்கில் தோல் உரிந்துவிட்டது. மருந்து பூசினேன். சோற்றைத் தொடுவதில்லை. தட்டைக் கவ்விக்கொண்டு வந்து கம்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

எட்வேட் அண்ணையோடு நல்ல சண்டை. "சட்டம் எண்டால் எல்லாத்துக்கும் ஒண்டுதான் டினோஜா" என்றார். "அப்ப உங்கட சட்டத்தை நீங்களே ஒருக்கா உள்ள போய் இருந்து பாருங்கோ" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

2 பெப்ரவரி, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூசை முடிந்து நேரே ஐஸ் கொம்பனிக்குப் போனேன். படலையில் ஒரு பெண் நின்றா. ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பெயர் மேரி ரோஸ், அரிப்பிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னா.

"கதிர்காமு ஐயா வீட்டில நிண்ட நாய் இஞ்சயோ நிக்குது?"

"ஓம். ஏன்?"

"அதை எனக்குத் தாங்கோ பிள்ளை."

வாய்க்குள் சர்க்கரை போட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொண்டுபோவா, திருப்பிக் கொண்டு வருவா. எல்லாக் குற்றத்தையும் முகத்துக்கு நேரே அடுக்கினேன்.

"அது குலைக்காது."

"தெரியும்."

"பெட்டை."

"தெரியும்."

"செருப்பைக் கழட்டிக்கொண்டு ஓடும்."

"ஓம், பேந்து வயித்தைச் சொறிஞ்சு விட்டால்தான் தரும்" என்று சிரித்தா.

இது எனக்கும் எட்வேட் அண்ணைக்கும்தான் தெரியும். கதிர்காமு ஐயா அவளைத் தொட்டதே இல்லை. அவிழ்த்துவிட்ட இரவில் அந்த வளவுக்குள் வந்தது ஒரே ஒரு ஆள்.

"அக்கா," என்றேன், "அந்த ஆட்டுக் கள்ளன் நீங்களோ?"

சிரிப்பு நின்றது. அழுவா என்று நினைத்தேன். இல்லை. என்னைவிடக் கூடக் கோபம் வந்தது அவவுக்கு.

"என்ர ஆட்டை நான் கொண்டுபோனது களவோ?"

ஆடு அவவுடையது! கயிறு அறுத்துக்கொண்டு போய் வயலில் நெல்லைத் தின்றிருக்கிறது. ஐயா பிடித்துக் கட்டிவிட்டார். வயலில் இறங்கிய ஆடு மாட்டைக் கட்டி வைப்பதும், சொந்தக்காரர் போய் நட்டத்தைக் கதைத்துத் தீர்த்துவிட்டு அவிழ்த்து வருவதும் அந்தப் பக்கத்து வழக்கம். அவவும் போயிருக்கிறா, ஒன்றுக்கு இரண்டு தடவை.

"திண்டது உண்மை, நட்டத்தைச் சொல்லுங்கோ, தாறன் எண்டனான். என்ர முகத்தைப் பாக்கேல்லை பிள்ளை அந்த மனுசன். 'பொம்பிளையளோட நான் நட்டக் கதை கதைக்கிறேல்லை, புருசனை அனுப்பு' எண்டிட்டார். புருசனை நான் எங்க தேடுறது? கடலுக்குப் போய்ச் செத்து வருசம் ஒண்டாச்சு. சேமக்காலையில இருந்து எழுப்பியே அனுப்புறது?"

படலையைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்துகொண்டே சொன்னா.

"அது குட்டி போட்ட ஆடு. குட்டி இஞ்ச பாலுக்குக் கத்துது, தாய் அங்க கட்டிக் கிடக்குது. எத்தினை நாளைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கிறது? வேலியைப் பாய்ஞ்சிட்டன். அழுதழுதுதான் கயிறை அவிட்டனான். அப்பதான் பின்னால ஏதோ இழுக்குது. துலைஞ்சன், ஆள் வந்திட்டுது எண்டு திரும்பிப் பாத்தால் இது! செருப்பைக் கவ்விக்கொண்டு நிண்டு ஆடுது. நான் களவெடுக்க வந்திருக்கிறன், அதுக்கு விளையாட்டு. வயித்தைச் சொறிஞ்சு, செருப்பை வாங்கி, திரும்ப அது பறிச்சு... எனக்குச் சிரிப்பு வந்திட்டுது பிள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன். என்ர மனுசன் போன பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான்."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்திலேயே கச்சானுக்குத் தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்து உலுப்பின உலுப்பில் கூடு ஆடியது. உரிந்த மூக்கைப் பார்த்ததும் மேரி ரோஸ் அக்கா என்னைத் திட்டினா. "இதுக்கோ பிடிச்சு வைச்சிருக்கிறியள்? வெக்கமா இல்லையோ?"

வெக்கமாகத்தான் இருந்தது. பத்து நாளாக நான் சாபம் போட்டுக்கொண்டிருந்தது இந்த மனுசிக்கு.

3 பெப்ரவரி, திங்கள்

மத்தியானம் சாப்பிடாமல் கதிர்காமு ஐயாவுக்குப் போன் எடுத்தேன். உங்கட ஆடு என்றல்லவா கத்தினீங்கள் என்று கேட்டேன்.

"என்ர ஆடெண்டு நான் சொல்லேல்லையே. கொட்டிலில கட்டியிருந்த ஆடெண்டுதான் சொன்னனான்."

பாருங்கோ கதையை!

"அந்த அக்காவைப் புருசனை அனுப்பச் சொன்னீங்களாம்."

"அது எங்கட பக்கத்து முறை பிள்ளை. நட்டக் கதை ஆம்பிளையள்தான் கதைக்கிறது. அவள் புருசனில்லாதவள் எண்டு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சால் என்ன, தெரியாட்டி என்ன ஐயா? ஆடு அவவின்ர!"

பிறகு லைனை வெட்டிவிட்டார். இனிக் குருணல் வராது. சொன்னதும் நல்லது. ஐயோ, இத்தனை நாய்க்கு என்ன சமைக்கிறது? சொன்னது நல்லதுதான்.

பின்னேரம் எட்வேட் அண்ணை. முழுவதையும் கேட்டுவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். "நாலாம் தரம் திரும்பி வந்தால் இஞ்ச எடுக்கமாட்டன். உம்மட வீட்டிலதான் வைச்சிருக்க வேணும்" என்றார். எங்கள் வீடு வாடகை வீடு. அம்மாவுக்கு நாய் என்றால் மேசைக்கு மேல் ஏறுகிற பயம்.

ஓம் என்றேன்.

5 பெப்ரவரி, புதன்

போய்விட்டாள். ஓட்டோவுக்குள் ஏறி மேரி ரோஸ் அக்காவின் மடியில் இருந்தாள். மடியில் ஏறினதுக்கு அக்கா ஒரு சொல்லுச் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை கச்சான், கழுதை.

20 பெப்ரவரி, வியாழன்

குருணல் வரவில்லை. முருங்கன் மில் ஒன்றில் கெஞ்சி உமியும் தூசும் கலந்தது ஒரு மூட்டை எடுத்தோம். புடைத்துப் புடைத்து எனக்குத் தும்மல். படலையில் ஓட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். திருப்பிக் கொண்டு வருகிறாவோ?

23 மார்ச், ஞாயிறு

வருவா வருவா என்று பயந்துகொண்டு இருப்பதைவிட நேரே போய்ப் பார்ப்போம் என்று சிலாவத்துறை பஸ் ஏறினேன். அரிப்பில் இறங்கி விசாரித்தேன். "சிரிக்கிற அக்காவின்ர வீடோ?" என்று ஒருத்தி வழி காட்டினாள்.

தகரக் கூரை வீடு. படலை திறந்தே கிடந்தது. சங்கிலி இல்லை, கயிறும் இல்லை. மேரி ரோஸ் அக்கா கதிரை கொண்டுவந்து போட்டு, தேத்தண்ணி தந்தா. கச்சான் செய்த அநியாயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னா. சட்டியை உருட்டினதாம், ஆட்டுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனதாம், பக்கத்து வீட்டாரின் செருப்பெல்லாம் இங்கேதானாம். முறைப்பாடோ என்று தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். அவ சிரித்துச் சிரித்துச் சொல்கிறா.

"அவர் வந்தவர் பிள்ளை, போன கிழமை" என்றா நடுவில். "கதிர்காமு ஐயா. உள்ள வாங்கோ எண்டனான், வரேல்லை. படலைக்கு வெளிய நிண்டுதான் நட்டத்தைக் கதைச்சவர். நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் கதைச்சவர். எண்டாலும் என்னோடதான் கதைச்சவர்."

எங்களுக்குக் குருணல் இன்னும் வரவில்லை. அதை நான் சொல்லவில்லை.

"எங்க அவள்?" என்று கேட்டேன். அக்கா கையைக் காட்டினா. ஆட்டுக் கொட்டிலில், பட்டப்பகலில், தாய் ஆட்டுக்கும் குட்டிக்கும் நடுவில் நாலு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு நித்திரை. ஐஸ் கொம்பனியில் அவள் கண்ணை மூடிப் படுத்து நான் ஒருநாளும் கண்டதில்லை. யாராவது வருவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள் என்று படலையைப் பார்த்தபடியேதான் நிற்பாள்.

"எழுப்பட்டே?"

"வேண்டாம் அக்கா."

அந்த வெயிலில் பஸ் ஏறி வந்த என்னை ஒரு கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, நன்றி கெட்டது. பஸ்ஸுக்குள் இருந்து அழுதேன். கொண்டக்டர் மிச்சக் காசைத் தந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.