உன் பெயரில் இன்னும் ஓடும் உத்தரவு

அன்பு மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகியும் திரிங்காப் ஊரில் நம் பூக்கொட்டகையில் உன் உத்தரவு செல்லுபடியாகிறது. போன செவ்வாய் குளிர் அறை நின்றுபோய், லோரியில் ஏற்ற வைத்திருந்த சாமந்தி முழுவதும் கறுத்துவிட்டது. நிறுத்தியது யார் என்று பார்த்தால், அறையை ஓட்டும் கம்ப்யூட்டர் உன் பெயரைக் காட்டுகிறது.

"ஆவி லா, பாஸ்! உயிரோட இருந்தப்பவே கரண்டு பில்லுக்குப் பயந்த ஆளு," என்றான் லோரி ஓட்டும் மணியம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் பார்க்கும் மேரியைக் கம்போங் ராஜாவிலிருந்து வரவழைத்தேன். "அவன் நிர்வாகி அதிகாரத்தை அன்னைக்கே எடுக்கச் சொன்னேனே?"

"மெயின் சர்வர்ல எடுத்துட்டேன் அங்கிள். இந்த லினக்ஸ் மெஷின், அவருக்கு அதிகாரம் உண்டுங்கிற பழைய ரூலைக் கேஷ்ங்கிற தன்னோட தற்காலிக ஞாபகத்துல வச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேக்காது, ஞாபகத்துல உள்ளதையே நம்பும். கேஷை அழிச்சுட்டு சர்வீஸைத் திரும்பக் கிளப்பணும்."

எஸ்டேட் வாசலில் காவல் நின்ற ஜாகாவை நினைவிருக்கிறதா? எண்பதுகளில் துரை மாறி, புதுத் துரை நம் லோரிக்குத் தடை போட்டார். ஆபீஸ் கணக்கு பார்த்த கிராணி அதை ஜாகாவிடம் சொல்ல மறந்துவிட்டார். பழைய அனுமதியை மனதில் வைத்து, அவர் சலாம் போட்டுக் கேட்டைத் திறந்தார். "வாயைத் தொறக்காதீங்க மச்சான், அவரு மண்டையில நாம இன்னும் நல்லவங்கதான்," என்றாய் என் காதில். அன்றைக்கு லாபம் நம் பக்கம். சிரித்தோம்.

உன் பெயரில் நுழைந்தது யார் தெரியுமா? என் தங்கைதான், உன் மனைவி. உன் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். கரண்டு மிச்சம் பிடிக்க நீ செய்ததுபோலத் தினமும் மாலையில் குளிர் அறையைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் கிளப்பியிருக்கிறாள். போன செவ்வாய் நிறுத்தியதோடு சரி, திரும்பக் கிளப்பவில்லை.

"ஸ்கிரீன்ல அவரு பேரு வருது அண்ணே. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அழுகை வந்து எந்திரிச்சுப் போயிட்டேன்."

பூ போனால் அடுத்த வாரம் பூக்கும். ஆனால் அந்த அதிகாரத்தை விட்டுவைத்தால் நாளைக்கு என்ன நிற்கும்?

கேஷை அழிக்கச் சொன்னேன். முடிந்ததும் மேரி, என் தங்கையையே உன் பெயரில் குளிர் அறையை நிறுத்த முயன்று பார்க்கச் சொன்னாள். இவருக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

"இப்பதான் அவரு செத்தாரு, அண்ணே."

மாப்பிள்ளை, உன் அதிகாரத்தைத்தான் எடுத்தேன். உன் பெயரை எடுக்கவில்லை. அந்தப் பெயரில் அவள் நுழையலாம், பார்க்கலாம்; எதையும் நிறுத்த முடியாது. வேலை பழகியதும் அவள் பெயரிலேயே அதிகாரம் தருவேன். அதுவரை மாலையில் அந்த ஸ்கிரீன் முன்னால் அவள் தனியாக உட்காரமாட்டாள். இது சத்தியம்.

அவளுக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
ராமையா