கேடயமும் சீலும் ஒரே வாரத்தில் வந்தது குறித்து

அனுப்புநர்
திருமதி வெர்னெட்டா கிலியம்,
உரிமையாளர், வெர்னெட்டா பியூட்டி பார்லர்,
14, செடார் தெரு,
டெல்மோர் நகரம், மிசிசிப்பி.

பெறுநர்
திரு. லாமர் ஹேய்ஸ்லிப் அவர்கள்,
இயக்குநர், உரிமம் மற்றும் ஆய்வுத் துறை,
நகராட்சி அலுவலகம், டெல்மோர்.

பொருள்: எனது பார்லருக்கு வைக்கப்பட்ட சீலை ஈஸ்டருக்கு முன் அகற்றக் கோருதல், சீல் விழுந்ததற்குக் காரணம் என் வாய்தான் என ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: 1. விருதுக் குழுவின் கடிதம், நாள் 23.03.2026
2. தங்கள் துறையின் மூடல் ஆணை, நாள் 26.03.2026

மதிப்பிற்குரிய ஐயா,

கோபத்தில் எழுதிய இரண்டு மனுக்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதாக இதைப் பணிவோடு எழுதுகிறேன்.

1. நான் இந்த ஊர்ப் பெண்களுக்கு முப்பத்தொரு வருடங்களாக முடி அலங்காரம் செய்துவருகிறேன். என் உரிமம் நடப்பில் உள்ளது. சீப்பு, கத்தரி, கழுவும் தொட்டி எதைப் பற்றியும் தங்கள் ஆய்வாளர் ஒரு குறையும் எழுதவில்லை. அவர் எழுதியது இதுதான்: "அனுமதியின்றி மருத்துவ மையம், பள்ளி, உணவகம், தேர்தல் அலுவலகம் ஆகியவற்றை நடத்துதல்." உண்மையைச் சொன்னால், அதைப் படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கதவில் சீல் ஒட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

2. அந்த வார்த்தைகள் ஆய்வாளருடையவை அல்ல, என்னுடையவை. தொழிலிலும் சமூகப் பணியிலும் சிறந்த கறுப்பினப் பெண்களுக்கு நகராட்சி ஆண்டுதோறும் கேடயம் தருவது தாங்கள் அறிந்ததே. மூன்று வருடங்களாகக் கேடயம் வாங்கிய மூவருக்கும் விழாவன்று தலை அலங்காரம் செய்து அனுப்பியவள் நான். மூன்று முறையும் கூட்டத்தில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அதைவிடப் பலமாகத் தேய்த்தேன். இந்த வருடம் பரிந்துரைப் படிவத்தை நானே எழுதிவிட்டேன். தன்னைத் தானே பரிந்துரைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே மவுண்ட் ஹெர்மன் சபையில் என்னோடு பாடும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒலீதா பக்னர் அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் கண்ணாடி அணியாத நேரம் பார்த்து வாங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

3. படிவத்தில் "தேவையெனில் கூடுதல் தாள் இணைக்கவும்" என்று இருந்தது. பதினொரு தாள் இணைத்தேன். சபையில் அறிவிப்பு வாசிக்க என் கையில் மைக் தருவதைப் போதகர் நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அதற்கான காரணம் இப்போது எனக்குப் புரிகிறது.

4. அந்தத் தாள்களில் எழுதியதும் உண்மையில் உள்ளதும் பின்வருமாறு:

(அ) "மருத்துவ மையம்" என்பது ஒரு பிரஷர் பார்க்கும் கருவி. வியாழக்கிழமைகளில் அதை வைத்துக்கொண்டு ஒலீதா அக்கா வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பார். பிரஷர் அதிகமாக இருந்தால் அந்தத் தலையில் நான் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். போன இலையுதிர் காலத்தில் திருமதி எர்லீன் டிப்ஸ், "நான் முடி பண்ணிக்க வந்தேனா, ஆபரேஷனுக்கு வந்தேனா?" என்று கத்தினார். அக்கா அசையவில்லை. "கத்துறத கார்ல போறப்ப கத்திக்க, எந்திரி" என்று தன் காரிலேயே மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். எர்லீன் நலமாக இருக்கிறார். அன்று முடி பாதியில் நின்றுபோனதற்கு இன்றுவரை என்னைத்தான் திட்டுகிறார்.

(ஆ) "பள்ளி" என்பது வேலை முடிந்து அம்மாக்கள் வரும்வரை பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் பின்பக்க மேசை. சொல்லிக்கொடுப்பவர் என்னிடம் வேலை செய்யும் ஷரோண்டா. நான் ஒரே ஒரு நாள் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அந்தக் குழந்தைக்கு அத்தனையும் தப்பு. அன்றிலிருந்து பிள்ளைகள் என்னைக் கண்டால் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

(இ) "உணவகம்" என்பது வெள்ளிக்கிழமை மீன் வறுவல். சபைச் சமையலறையில் அனுமதியோடு எங்கள் சபைப் பெண் பெர்னீஸ் கோல்மன் வறுப்பது. உடம்பு முடியாதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொட்டலங்கள் என் கடையில் வந்து இறங்கும், அவ்வளவே. அதில் என் கைப்பக்குவம் எதுவும் இல்லை. என் உருளைக்கிழங்கு சாலட்டை எந்த நிகழ்ச்சிக்கும் கொண்டுவரக் கூடாதெனப் பெண்கள் சங்கம் வாக்கெடுத்துத் தீர்மானித்திருக்கிறது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு என்னுடையது.

(ஈ) "தேர்தல் அலுவலகம்" என்பது ஒரு தட்டு நிறைய வாக்காளர் பதிவுப் படிவங்கள். டிரையருக்கு அடியில் தலையைக் கொடுத்த பெண்ணால் நாற்பது நிமிடம் எழுந்து ஓட முடியாது. அந்த நேரம் பார்த்து பெர்னீஸ் பேனாவோடு எதிரில் வந்து நிற்பார். "எனக்கெதுக்கு ஓட்டு" என்று சொன்னவர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள்.

5. கேடயம் எனக்கே என்று விருதுக் குழு எழுதிய மூன்றாம் நாள், சென்ற வியாழக்கிழமை, ஆய்வாளர் வந்தபோது அவர் கையில் என் பதினொரு தாள்களும் இருந்தன. மஞ்சள் மையால் வரிக்கு வரி கோடு போட்டிருந்தார். நான் அவரை விருதுக் குழு அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டேன். அவர் மரியாதையாக, "அம்மா, இதுல சொல்லியிருக்கிற க்ளினிக் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினேன். மீன் பொட்டலங்கள் வந்து இறங்கும் மேசையைக் காட்டினேன். அவர் படம் எடுத்தபோது பிரஷர் கருவியை மார்போடு அணைத்துச் சிரித்தேன். கேட்காமலேயே, அடுத்த மாதம் சட்ட ஆலோசனையும் தொடங்கப்போகிறோம் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். குற்றவாளியே தன் குற்றத்தைச் சுற்றிக்காட்டி, கிளம்பும்போது கேக்கும் கொடுத்தனுப்பியது இந்நகரில் இதுவே முதல் முறையாக இருக்கும். அந்த இளைஞர்மீது எனக்கு வருத்தமில்லை. கேக்கை வேண்டாமென்றுதான் சொன்னார்.

6. படிவத்தில் உள்ளது பொய் என்று எழுதிக்கொடுத்தால் சீலை எடுத்துவிடலாம் எனத் தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள். அப்படி எழுத என்னால் முடியாது ஐயா. பொய்யென்றால் கையெழுத்திட்ட ஒலீதா அக்கா பொய் சொன்னவர் ஆகிவிடுவார். தவிர, அது பொய்யும் அல்ல. நடந்தது எல்லாம் நடந்ததுதான். செய்தவர் பெயரைத்தான் மாற்றி எழுதிவிட்டேன்.

7. சீல் வைத்த பிறகு அக்கா கண்ணாடி அணிந்து பதினொரு தாளையும் படித்தார். முடித்துவிட்டு, "ஏன்டி வெர்னெட்டா, தாளு பூரா உன் பேரு. எங்க பேரு ஒரு எடத்துலகூட இல்லயேடி" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள், நான் கூப்பிட்டும், அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கடை மூடியதைவிட அதுதான் எனக்கு வலித்தது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் கடை நான்கு சுவர், ஆறு நாற்காலி. அதை ஊருக்கு வேண்டிய இடமாக ஆக்கியவர்கள் அந்த மூன்று பெண்கள். நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது அந்தக் கதவும் திறக்கவில்லை.

8. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி வருகிறது. இந்த ஊரில் எந்தப் பெண்ணும் ஈஸ்டர் ஆராதனைக்குத் தலை அலங்காரம் செய்யாமல் போனதில்லை. அதற்கு முந்தைய வார வருமானம்தான் எங்கள் வருடத்தையே நடத்துகிறது. புதன்கிழமைக்குள் சீலை அகற்றித் தர வேண்டும். பிரஷர் கருவியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை முதலில் தர வேண்டும். எதற்கு அனுமதி வாங்க வேண்டுமோ சொல்லுங்கள், வரிசையில் நின்று வாங்குகிறோம்.

கேடயத்தில் ஒலீதா பக்னர், பெர்னீஸ் கோல்மன், ஷரோண்டா ரீவ்ஸ் ஆகிய மூன்று பெயர்களைப் பொறிக்குமாறு விருதுக் குழுவுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். ஒரே தாளில் எழுதினேன். நான்காவது பெயருக்கு இடம் இருக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தேன்; பிறகு அடித்துவிட்டேன்.

9. இறுதியாக ஒரு தகவல். ஆய்வாளர் அனைவரையும் வெளியேற்றியபோது நாற்காலிகளில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். வலப்பக்கம் பின்னி முடித்திருந்தது, இடப்பக்கம் விரித்துப்போட்டிருந்தது. வேறு கடையில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தலையில் துணி கட்டாமல், அப்படியே தங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரப்போவதாகச் சொல்கிறார்கள். தடுக்கும் சக்தி எனக்கு இல்லை. அவர்களில் மூத்தவர், "எம் பேர மனுவுல எழுதாத. அவன் என்னை நேர்ல பாத்துக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அதனால் எழுதவில்லை. தங்களைப் பெற்றெடுத்த தாயாரின் பேச்சைத் தட்ட என்னாலும் முடியவில்லை ஐயா.

இடம்: டெல்மோர்
நாள்: 30.03.2026

தவறு செய்த, ஆனால் கடையைத் திறக்க விரும்பும்,
(ஒப்பம்) வெர்னெட்டா கிலியம்