பொருநைக் கச்சை

பாளையங்கோட்டை,
1912 மார்ச் 20

அன்புள்ள நூர்முகம்மதுக்கு,

தேவசிகாமணி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் சாலோமியும் பிள்ளைகளும் சுகம். கொழும்பில் நீயும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் நீ எழுதியது வந்து சேர்ந்தது. மூட்டைக் கிட்டங்கியில் வேலை அதிகம், மூச்சு விட நேரமில்லை என்று நாலு வரி. அதற்கு முந்தின கடிதத்திலும் அதே நாலு வரிதான். மிஷன் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தபோது என் சிலேட்டைப் பார்த்து எழுதுவாய். இப்போது உன் கடிதத்தைப் பார்த்தே நீ எழுதுகிறாய் போலிருக்கிறது.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஆறு ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடுகிறது. குறுக்குத்துறைப் பக்கம் மணல் நன்றாக விழுந்திருக்கிறது. பார்த்தவுடன் மல்லுக்கட்ட எனக்குக் கால் பரபரத்தது. வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு இது தேவையா என்று சாலோமி கேட்டாள். தேவையில்லைதான்.

நேற்று மேலப்பாளையம் போய் உன் வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்தேன். வாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார். நீ இன்னும் முகம் பார்க்காத உன் மகள் சுபைதா நடக்க ஆரம்பித்துவிட்டாள். குஸ்தி என்று வாப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொடையைத் தட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். என் முழங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். நானும் முறைப்படி மல்லாந்து விழுந்தேன். உன் குடும்பத்தாரிடம் விழுவது எனக்குப் பழகிப்போனதுதானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சித்திரையில் பட்டக் குஸ்தி வைப்பதென்று குஸ்திச் சபையில் முடிவாகிவிட்டது. பட்டம் வைத்திருக்கிற நீ இல்லாததால் போன வருஷம் நடக்கவில்லை. இந்த வருஷமும் விட்டால் பொருநைக் கச்சை என்று ஒன்று இருந்ததையே ஜனங்கள் மறந்துபோவார்கள் என்கிறார் காந்திமதிநாத பிள்ளை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் ஆரம்பித்து வைத்ததுதானே. நான்தான் பெரிய பயில்வான், நீதான் பெரிய பயில்வான் என்று ஆளாளுக்கு அவருடைய நெல்லுக்கடை வாசலில் வந்து மல்லுக்கு நிற்பதைப் பொறுக்கமாட்டாமல், தோலில் கச்சை தைத்து, வெள்ளித் தகடு பதித்து, மலையடிவாரம் முதல் கடற்கரை வரை பொருநை ஆற்றங்கரையில் யார் மிஞ்சுகிறானோ அவனுக்கு இது என்று வைத்தார்.

முதல் வருஷம் கச்சையை யார் கட்டிவிடுவது என்று சபையில் பெரிய ரகளை. கலெக்டர் கச்சேரி உத்தியோகஸ்தர் கட்டட்டும் என்று ஒரு கட்சி, கோயில் தர்மகர்த்தா கட்டட்டும் என்று ஒரு கட்சி. பிள்ளைதான் எழுந்து, “தோத்தவன் கட்டிவிடட்டும்வே. அவன் கையாலயே கட்டிட்டாம்னா, நாளைக்கு எவனும் வந்து மொறையா ஜெயிக்கலன்னு பேச முடியாதுல்லா” என்றாராம். முதல் பட்டத்தைத் தோற்றவன் கட்டிவிட்டான்; அதற்குப் பிறகு, கச்சையை வைத்திருக்கிறவன் கையால் கட்டிவிட்டால்தான் பட்டம் அடுத்தவனுக்குச் சேரும் என்று ஆயிற்று. அந்தப் பிள்ளையே இப்போது, நூர்முகம்மது வராவிட்டால் நானே கட்டிவிடுகிறேன் என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கச்சை பிள்ளையின் கடைப் பெட்டியில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். உன் வீட்டுப் பெட்டியில் இருப்பதாகப் பிள்ளை நினைத்திருந்தார். சித்திரை வரைக்கும் கச்சை கடையில் பார்வைக்கு இருக்கும் என்று டவுனில் தண்டோராவும் போட்டுவிட்டார். அப்புறம் எடுத்துவர ஆட்களோடு மேலப்பாளையம் வந்தால், கச்சை தறியில் இருக்கிறது. பாவு நூலை இழுத்துக் கட்டுகிற கயிறு அறுந்துபோய், கைக்கு எட்டிய கச்சையை எடுத்து வாப்பா கட்டிவிட்டிருக்கிறார். கட்டி ஆறு மாதமாகிறதாம். இப்படி ஒரு உறுதியான தோல் நெசவாளி எவனுக்கும் கிடைத்ததில்லை என்று பிள்ளையிடமே பெருமையாகச் சொன்னார். பிள்ளைக்கு முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லாமல் போய்விட்டாய்.

அவிழ்த்துக் கொடுங்கள் என்று பிள்ளை கேட்டதற்கு, உள்ளே கதவோரம் நின்ற உன் வீட்டுக்காரி மைதீன் பாத்திமா பதில் சொன்னாள். “அவுக வந்து அவுக கையால கட்டிவிடட்டும். அதுவரைக்கும் அது தறியில கெடந்து ஒழைக்கட்டும்” என்றாள். பிள்ளை சிரித்துவிட்டு, வெறுங்கையோடு வண்டியேறினார்.

நூர், இதற்கு மேல் மூடி வைத்து எழுத என்னால் ஆகாது. அகமது மீரான் அண்ணாச்சி போன வாரம் கொழும்பிலிருந்து கப்பல் இறங்கி வந்திருக்கிறார். மூட்டை அடுக்கு சரிந்து உன் வலது முழங்காலில் விழுந்ததையும், நீ கம்பு ஊன்றி நடப்பதையும், இனி மல்லுக்கட்ட முடியாது என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீ அவரிடம் சத்தியம் வாங்கினாயாம். அதே சத்தியத்தை என்னிடம் வாங்கிக்கொண்டுதான் அவர் சொன்னார். அதையே சாலோமியிடம் வாங்கிக்கொண்டு நான் சொன்னேன். ஆகவே விஷயம் பத்திரமாகத்தான் இருக்கிறது. உன் வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலை குறைந்தால் வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பயில்வான் என்று வழியனுப்பினவர்கள் முன்னால் கம்போடு எப்படிப் போய் இறங்குவது என்று நினைக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? குஸ்தி பிடிக்க வராதே. கட்டிவிட வா. சித்திரைக்குள் வந்துவிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
தேவசிகாமணி

*

பாளையங்கோட்டை,
1912 மே 16

அன்புள்ள நூர்முகம்மதுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் இடுப்பில் பிடிப்பு. சாலோமி தவிட்டைச் சூடுபண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை ஆறு வரி. கச்சையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடச் சொல், யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கட்டிவிடட்டும், நொண்டிக்குக் கோதாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். சாலோமிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அவள் பாத்திரம் உருட்டினால் எவ்வளவு கோபம் என்று உனக்கே தெரியும்.

சித்திரைக் குஸ்தி நல்லபடியாக நடந்தது. வாத்தியார் லங்கோட்டோடு நிற்பது திருச்சபைக்கு அழகா என்று எங்கள் குருவானவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் அவரே ஆற்று மேட்டில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். காற்று வாங்க வந்தாராம். நடுவர் களக்காட்டு இசக்கிமுத்து. நீ கச்சையை வாங்கியது அவரிடம்தானே. இப்போது இன்னும் பெருத்துவிட்டார். கச்சையின் கடைசி ஓட்டைகூட இனி அவருக்குப் போதாது.

கடைசியில் மிஞ்சினது நானும் அம்பாசமுத்திரத்துச் சுடலைமாடனும். மரம் அறுக்கிறவன். அவன் கையைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்தது, அங்கேயே இருந்திருக்கலாமே என்று. இரண்டு தடவை என்னைத் தூக்கினான். மூன்றாவது தடவை தூக்க வந்தபோது, நீ என்னை மூன்று சித்திரையில் கவிழ்த்தாயே அந்தப் பிடி, உள்கால் கொடுத்து வலது பக்கம் திருகுவது, அது தானாக என் கைக்கு வந்தது. விழுந்து விழுந்து கற்ற பாடம் மறக்குமா? அவன் முதுகு மணலில் பட்டது. என் இடுப்பும் அப்போதே பிடித்துக்கொண்டது. வாப்பா சுபைதாவைத் தோளில் வைத்திருந்தார். அவள் தொடை தட்ட இடமில்லாமல் அவருடைய தலைப்பாகையைத் தட்டினாள்.

பிள்ளை மாலையைப் போட்டுவிட்டு, அடையாளத்துக்கு இந்தத் துண்டைக் கட்டிவிடுகிறேன், கச்சையைப் பிறகு தறியிலிருந்து அவிழ்த்துக்கொள்ளலாம் என்று பட்டுத் துண்டை விரித்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “என்னைய ஜெயிச்சவன் கையால கட்டினாத்தான் கட்டிக்கிடுவேன் அண்ணாச்சி. என்னைய ஜெயிக்காத ஆள்ட்ட நான் வாங்க மாட்டேன்” என்றேன். கூட்டம் கையைத் தட்டிற்று. பிள்ளை பட்டுத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் வரை பொறுப்பதாகவும், அன்றைக்கும் நீ வராவிட்டால் அவரே கட்டிவிடுவதாகவும், அதோடு அந்தப் பழைய வழக்கம் முடிந்துவிடும் என்றும் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் அவரிடம் தவணை கேட்க முடியாது.

நீ ஒன்றை மறந்துவிட்டாய், நூர். முதல் பட்டம் வாங்கினவர் கல்லிடைக்குறிச்சி பிச்சைக்கண்ணு. அப்பளக் கம்பெனியில் உளுந்து மாவு இடித்தே தோளை வளர்த்தவர். மலைக்காய்ச்சல் வந்து அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்த வருஷம்தான் இசக்கிமுத்து மற்ற எல்லோரையும் சாய்த்தார். பிச்சைக்கண்ணு எப்படி வருவார் என்று கேலி பேசினார்கள். அவர் வந்தார். வைக்கோல் பரப்பின மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு வந்தார். நான்கு பேர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கோதாவில் நிறுத்தினார்கள். கச்சையின் கொக்கி கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. இசக்கிமுத்து அசையாமல் நின்றார். அதுவரை அவர் ஆடின ஆட்டம் என்ன, அன்றைக்கு அவர் கண்ணில் தண்ணீர் ஓடினது என்ன! கட்டி முடித்ததும் ஆற்றங்கரையே எழுந்து நின்றது.

நீயும் நானும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். நமக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. நீ சுண்டலைக் கீழே வைத்துவிட்டு என் தொடையில் ஓங்கி அடித்துச் சொன்னாய். “ஏலே, கட்டிக்கிட்டவர எவம்லே பாக்கான்? கட்டிவிட்டவரைல்லா எல்லாரும் பாக்காவ. அவருதாம்லே பயில்வான்.” அடித்த இடம் இரண்டு நாள் வலித்தது. அதனால் எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. நொண்டிக்குக் கோதாவில் என்ன வேலை என்று இப்போது கேட்கிறாயே, நீ அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாய்.

கம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டினால் விழுந்துவிடுவோமோ என்று நீ பயப்படுவாய் என்று எனக்கும் தோன்றியது. அதைச் சாலோமிதான் தீர்த்து வைத்தாள். பள்ளிக்கூடத்து நாற்காலியை வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னாள். அதில் அவள் உட்கார்ந்துகொண்டு, என்னை முன்னால் நிறுத்தி, ஒரு துண்டை இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கிறவர் கைக்கு நிற்கிறவன் இடுப்பு சரியாக வருகிறது. குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். இதற்காகவா அந்த மனுஷன் கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாள். பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். கோதாவில் நாற்காலி போட்டிருக்கும்.

இன்னொரு வேலையும் உனக்கு இருக்கிறது. தறியில் கிடந்தபடியே கச்சையை என் இடுப்புக்கு அளந்து பார்த்தேன். உன் ஓட்டைக்கு என் வயிறு அடங்காது. இசக்கிமுத்து ஓட்டையில் போட்டால் நழுவிக் கீழே விழும். நடுவில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டும். அதையும் நீதான் போட வேண்டும். வேறு யாரையும் நான் தொடவிடவில்லை. தறிக்கு வேறு கயிறு வாங்கி வாப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வருகிற அன்றைக்குத்தான் மாற்றுவேன் என்கிறார்.

மைதீன் பாத்திமாவுக்கு உன் காலைப் பற்றித் தெரிந்துவிட்டது. சாலோமியின் சத்தியம் இத்தனை நாள் தாங்கினதே பெரிது. பாத்திமா அழவில்லை. கால்தானே, ஆள் இருக்கிறாரல்லவா என்று கேட்டாளாம். பிறகு உள்ளே போய் உன் கட்டிலை நடுவீட்டிலிருந்து வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிப் போட்டாளாம், உனக்குப் படி ஏறி இறங்காமல் இருக்க.

தூத்துக்குடிக்கு எந்தக் கப்பலில் வருகிறாய் என்று மட்டும் எழுது. அகமது மீரான் அண்ணாச்சி துறைமுகத்தில் நிற்பார். நான் திருநெல்வேலி ரயிலடியில் நிற்பேன். கம்பை வெட்கப்பட்டுக் கடலில் போட்டுவிடாதே, கையில் பிடித்துக்கொண்டே வா. சுபைதா ஓடிவந்து முழங்காலைத்தான் பிடிப்பாள். இடது காலைக் கொடு.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக.

உன் கையால் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும்,
தேவசிகாமணி