அந்தச் சிவப்புக் காரை வாங்கிக்கொள்

சின்னவளுக்கு,

சோறு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. நேற்று நான் கத்தியதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

நீ பார்த்து வைத்த பழைய காருக்காக, விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் தரகன் வீட்டுக் கதவைத் தட்டினேன். சொல்லிவிட்டுப் போனால் இன்ஜினைச் சூடாக்கி வைத்து ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்துவிடுவான். பானட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது.

"பெருசு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான்.

"நான் கண்ணை மூடினா நீ டயரைக் கழட்டிடுவே" என்றேன்.

அடியில் படுத்துப் பார்த்தேன். துரு இல்லை, ஆயில் கசிவு இல்லை. மேட்டில் இரண்டாவது கியரில் பாய்கிறது. எனக்கே இறங்க மனசு வரவில்லை. உன் பணத்துக்கு இதைவிட நல்லது அமையாது.

உண்மையைச் சொல்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். வண்டி அமையாவிட்டால் அந்த வெளியூர் வேலைக்கு நீ போகமாட்டாய் என்று நினைத்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பத்து மணிக்குத் தரகன் பேப்பரோடு வருவான். இன்ஜின் நம்பரை ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. அந்த நேரத்தில் நான் இருக்கமாட்டேன், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்.

அப்பா

இன்னொன்று. போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் தராதே. கார் சாவியோடு சேர்த்துக் கோத்துக்கொள்.